பக்கத்து வீடு – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் எங்க தெருவுல காலியா கிடந்த ஒரு வீட்டை ஒரு அமைப்பு வாடகைக்கு எடுத்திருக்காங்க. மனநல ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷம் இருந்து தேறின அஞ்சு பெண்கள் தங்கப் போறாங்களாம், கூட்டிட்டுப் போக சொந்தக்காரங்க யாரும் வரலையாம். அவங்க வரக்கூடாதுன்னு தெருவுல மனு எழுதி கையெழுத்து வாங்குறாங்க. எனக்கு ஸ்கூல் போற ரெண்டு பொண்ணுங்க, நானும் போட்டுட்டேன். அதுலேர்ந்து மனசு சரியில்ல. பாவம்தான், ஆனா ஊருக்கு வெளியில பெரிய இடமா பார்த்து வச்சுக்கலாமேன்னும் தோணுது. தப்பா?

(பெயர் வேண்டாம்), கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

பயந்தது தப்பில்ல, அவங்களை நீங்க இன்னும் பார்த்தது கூட இல்ல. ஆனா அந்த ‘ஊருக்கு வெளியில’ங்கிறது இருக்கு பாருங்க, அதைத்தான் நாம காலங்காலமா பண்ணிட்டு வந்தோம். ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலையில மனநோயாளிகளை வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப 28 பேர் செத்துப்போனாங்க, சங்கிலியில கட்டியிருந்ததால எந்திரிச்சு ஓட முடியல. எனக்கு இப்பவும் அதை நினைச்சா வயிறு கலங்கும்.

2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 19வது பிரிவு தெளிவா சொல்லுது, குடும்பம் ஏத்துக்கல, போக வீடில்லங்கிறதுக்காக மட்டும் ஒருத்தரை ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கக் கூடாதுன்னு. நம்ம தெருவுல வேணாம்னா அடுத்த தெருவுலயும் அதையேதான் சொல்லுவாங்க, அப்புறம் அந்த அஞ்சு பேரும் திரும்ப வார்டுக்குத்தான் போகணும். இது ஒண்ணும் புது பரிசோதனையும் இல்ல. சென்னை தி பேன்யன் அமைப்பு 2015லேர்ந்து ‘ஹோம் அகெய்ன்’னு இதைத்தான் பண்றாங்க, சாதாரண தெருவுல வாடகை வீடு, நாலஞ்சு பேர், கூட உதவிக்கு ஆள். உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட வழிகாட்டியில இதை நல்ல உதாரணமா காட்டியிருக்காங்க.

கீழ சமவெளியில இந்த மாதிரி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கேன். டீ போட்டுக் கொடுத்த அம்மா 14 வருஷம் வார்டுல இருந்தவங்க. பேசிட்டே இருக்கும்போது எந்திரிச்சுப் போய் அவங்க ரூம் கதவை சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாங்க, கொஞ்ச நேரத்துல திறந்துட்டு வெளிய வந்து உட்கார்ந்தாங்க, மறுபடியும் போனாங்க. நான் கொஞ்சம் பதறிட்டேன். கூட இருந்த பொண்ணு சொல்லுச்சு, "வார்டுல உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதுக்கா, இங்க வந்ததுலேர்ந்து இப்படித்தான் போட்டுப் போட்டுப் பார்த்துக்குவாங்க"ன்னு.

உங்க பொண்ணுங்களைப் பத்தி. மனநோய் உள்ளவங்க மத்தவங்களை அடிக்கிறதைவிட மத்தவங்ககிட்ட அடி வாங்குறதுதான் அதிகம். அதுக்காக கேள்வியே கேட்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த அமைப்புகிட்ட நேரா போய் கேளுங்க, ராத்திரி யார் தங்குவாங்க, மாத்திரை யார் பார்த்துக்கொடுப்பாங்க, எந்த ஆஸ்பத்திரி, அவசரம்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும். ஒழுங்கா நடத்துறவங்க இதுக்கெல்லாம் பதில் வச்சிருப்பாங்க. நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையை நிறுத்திட்டு மறுபடியும் நோய் வந்துடுறது சகஜம், அப்ப மூணு நாளா ராத்திரி லைட் எரியுது, ஒருத்தர் தூங்காம நடந்துட்டே இருக்காங்கன்னு முதல்ல கவனிக்கிறது பக்கத்து வீடாத்தான் இருக்கும், கூட இருக்கிற ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். 14416னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பரும் இருக்கு, டெலி மானஸ்னு பேரு, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

இன்னொண்ணு, இது கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இருட்டினப்புறம் தோட்டத்துலேர்ந்து காட்டுமாடு ரோட்டுக்கு வரும், பின்வாசல்ல எண்ணெய் வாசனை அடிச்சா கரடி வரும்னு அவங்களுக்கு யார் சொல்லப் போறா? குளிருக்கு கரியடுப்பு மூட்டி ரூமுக்குள்ள வச்சுட்டு ஜன்னலையும் கதவையும் அடைச்சுப் படுத்தா அதுலேர்ந்து வர்ற கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவுல உயிரே போயிடும், அதுவும் தூக்கம் வர்ற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மூச்சு முட்டுறதே தெரியாது. அவங்க வந்த முதல் நாளே போய் இதைச் சொல்லிடுங்க, பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போங்க.

மனுவை இன்னும் குடுக்கலைன்னா உங்க பேரை அடிச்சுட்டு வந்துடுங்க. குடுத்துட்டாங்கன்னா ஒரு வெள்ளைத்தாள்ல, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதி, மனு போன அதே ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிக்கோங்க. எப்படி எழுதுறதுன்னு தெரியலைன்னா எனக்கு அனுப்புங்க, நான் எழுதித் தர்றேன்.

அன்புடன்,
அக்கா