கட்டி முடித்த படிப்புக் கடன் திரும்பி வந்தால்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் பார்மசிஸ்ட். 2004 முதல் 2008 வரை பார்ம்.டி. படித்தபோது கல்லூரி வழியாக ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் ஸ்டூடன்ட் லோன் வாங்கினேன். அப்போது கிரீன் கார்டு, இப்போது குடியுரிமை. 2017-ல் கடனை முழுவதும் கட்டி முடித்துவிட்டேன். மூன்று வாரம் முன்பு ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியிடமிருந்து 4,180 டாலர் பாக்கி என்று கடிதம் வந்தது. அதே வாரம் என் அப்பாவுக்குப் போன் செய்து, "உங்கள் மகள் அரசாங்கக் கடனைக் கட்டவில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வேலை செய்யும் கடை மேனேஜரிடமும் அதையே சொன்னார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறிவிட்டதால் வீட்டுக் கடன் நிற்கிறது. கல்லூரியில் கேட்டால் "அவ்வளவு பழைய ஃபைல் எங்களிடம் இல்லை" என்கிறார்கள். விண்ணப்பத்தோடு அப்பாவின் வரிக்கணக்குகளைக் கொடுத்திருந்தோம். அவை இப்போது யார் கையில்? அப்பாவும் பொறுப்பாளியா? இந்தக் கடனைக் கட்டாதவர் பெயரை அரசு வெளியிடும், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வேலை போய்விடும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். கலெக்‌ஷன் ஏஜென்சியின் முதல் அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "இந்தக் கடனை நான் மறுக்கிறேன், ஆதாரம் அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்டால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூல் வேலையை நிறுத்தியாக வேண்டும். இது 1977-ல் வந்த கடன் வசூல் நடைமுறைச் சட்டம் தரும் உரிமை. மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள், அதனால் கையில் இருப்பது ஒன்பது நாள் அளவில்தான். இந்த பதிலை முழுவதும் படித்து முடிக்கும் முன்பே அந்தக் கடிதத்தை எழுதிவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான். சான்றளிக்கப்பட்ட தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். போனில் மறுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. "பாதியையாவது கட்டிவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம்.

சரி, இப்போது கல்லூரி சொன்ன பதிலுக்கு வருவோம். "ஃபைல் இல்லை" என்றதும் நீங்கள் சோர்ந்து போனதாகத் தெரிகிறது. எனக்கு உங்கள் வழக்கில் மிகப் பிடித்த வரியே அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கடனில் பணம் கொடுத்தது பெரும்பாலும் மத்திய அரசு. சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் ஹெச்.ஆர்.எஸ்.ஏ. என்ற அமைப்பு கல்லூரிக்கு மூலதனம் தரும். கல்லூரி தன் பங்கையும் போட்டு ஒரு சுழல் நிதி வைத்து நடத்தும். உங்களுக்குக் கடன் கொடுத்தவர் சட்டப்படி உங்கள் கல்லூரிதான். 5 சதவீத வட்டி, படிப்பு முடிந்ததும் ஒரு வருட அவகாசம், அதன் பிறகு தவணை என்ற கணக்கெல்லாம் கல்லூரியின் பேரேட்டில்தான் ஏறியிருக்கும். அதனால்தான் மத்திய அரசின் ஸ்டூடன்ட் எய்ட் தளத்தில் போய்ப் பார்த்தால் இந்தக் கடன் வழக்கமாகத் தெரியாது. அங்கே பூஜ்யம் காட்டுகிறது என்பதை வைத்து யாரிடமும் வாதாட வேண்டாம், அது செல்லுபடியாகாது.

கல்லூரி எந்தப் பதிவை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு மத்திய விதித்தொகுப்பின் 42-ம் தலைப்பு, 57-ம் பகுதியில் விதி இருக்கிறது. விண்ணப்பம், நிதித் தேவைக்கான ஆதாரங்கள் போன்றவற்றை, மாணவர் முழுநேரப் படிப்பை விட்ட பிறகு 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். திருப்பிக் கட்டிய கணக்குகளை, கடன் தீர்ந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்த "கடன் தீர்ந்த நாளிலிருந்து" என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் கடன் 2017-ல் தீர்ந்தது என்றால் 2022-க்குப் பிறகு கல்லூரி அந்தக் கணக்கை அழித்தது சரியே. கடன் தீரவில்லை, இன்னும் பாக்கி இருக்கிறது என்றால் அந்த 5 ஆண்டு இன்னும் தொடங்கவே இல்லை. ஒவ்வொரு தவணையும் எப்போது வந்தது, எதில் வரவு வைத்தார்கள் என்ற கணக்கு முழுவதும் இன்று அவர்களிடம் இருந்தாக வேண்டும். கடன் பாக்கி என்றும் சொல்லி, ஃபைல் இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கணக்கே இல்லாமல் 4,180 என்ற தொகை எங்கிருந்து வந்தது?

ஆகவே அந்த "இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும். அனுப்பியவர் பெயர், பதவி, தேதி மூன்றும் அதில் இருக்கட்டும்.

வாங்க ஒரு வழி உண்டு. கல்லூரியில் உள்ள நிதியுதவிக் கோப்பு கல்விப் பதிவுகளில் சேரும். 1974-ல் வந்த குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டத்தின் கீழ், நம்மவர்கள் ஃபெர்பா என்று சொல்வது, முன்னாள் மாணவரும் தன் பதிவைப் பார்க்கக் கேட்கலாம். கல்லூரி 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம், மறுத்தால் விசாரணை கேட்கலாம். ஆனால் ஃபெர்பாவை மீறினார்கள் என்று கல்லூரி மீது நீங்களே நேரடியாக வழக்குப் போட முடியாது. கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-ல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. கல்வித் துறையிடம் புகார் செய்யலாம், அவ்வளவுதான். எனவே ஃபெர்பாவைக் காகிதத்தை வெளியே எடுக்கப் பயன்படுத்துங்கள். நஷ்டஈட்டுக்கு வேறு சட்டம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

"இத்தனை வருஷம் ஆகிவிட்டது, கடன் காலாவதி ஆகியிருக்குமே" என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அந்த நம்பிக்கை வேண்டாம். இந்த வகைக் கடன்களை வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலவரம்பையே அமெரிக்க நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். கடனுக்குக் காலாவதி கிடையாது, கட்டியதற்கான சாட்சிக்கு மட்டும் 5 ஆண்டு. அந்தச் சமனற்ற நிலையின் சுமை முழுக்கக் கட்டி முடித்தவர் தலையில் விழுகிறது. என்னிடம் ஒரு பல் மருத்துவர் வந்தார். இதே மாதிரி கதைதான், கல்லூரி வேறு. அவருடைய மனைவி பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு பழுப்பு உறையை வைத்திருந்தார். அதற்குள் கடன் பத்திரத்தின் நகல், குறுக்கே சிவப்பு மையில் "முழுவதும் செலுத்தப்பட்டது" என்ற முத்திரை, ஒரு தேதி. அந்த ஒரு தாள் இரண்டே வாரத்தில் விவகாரத்தை முடித்தது. உங்களுக்கும் 2017-ல் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம். பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கலாம், அதையும் தேடுங்கள்.

கிடைக்காவிட்டால் வேறு சாட்சிகள் இருக்கின்றன. வங்கியில் பழைய காசோலை, பரிமாற்ற விவரம் கேளுங்கள். பல வங்கிகள் ஏழு ஆண்டுக்கு மேல் தருவதில்லை என்பதால் தாமதிக்க வேண்டாம். வரித்துறை கணக்கில் உங்கள் பழைய ஆண்டுகளின் வருமான விவரப் பிரதிகளை எடுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் 600 டாலரோ அதற்கு மேலோ வட்டி கட்டியிருந்தால் 1098-இ படிவம் பதிவாகியிருக்கும். அப்புறம், முன்பு எப்போதாவது கார் கடனுக்கோ வாடகைக்கோ எடுத்த கிரெடிட் ரிப்போர்ட் மின்னஞ்சலில் கிடக்கிறதா பாருங்கள். நல்லபடி முடிந்த கணக்குகளைக் கிரெடிட் பீரோக்கள் வழக்கமாக 10 ஆண்டு வரை காட்டும். உங்கள் கல்லூரிக் கடன் "மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம்" என்று பழைய ரிப்போர்ட்டில் இருந்தால், அது கல்லூரியே அன்று கொடுத்த வாக்குமூலம். பழையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கம் வைத்தால் போதும். எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. அதே காலத்தில் உங்களுக்கு வேறு மத்திய அரசுக் கடன்களும் இருந்து, எல்லாவற்றையும் ஒரே சர்வீசருக்கு (தவணையை வாங்கிக் கணக்கு வைக்கும் நிறுவனம்) கட்டியிருந்தால், கடைசித் தவணையை வேறு கணக்கில் வரவு வைத்திருக்கலாம். இந்த மாதிரித் தவறுகள், கல்லூரி சர்வீசரை மாற்றும்போதுதான் தலை காட்டுகின்றன. மற்றக் கடன்களின் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் ரிப்போர்ட் விஷயத்தில் பலர் செய்யும் பிழை, நேராகக் கல்லூரிக்கோ ஏஜென்சிக்கோ மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் பீரோக்களில் எவற்றில் ஏறியிருக்கிறதோ அவற்றிடம் எழுத்தில் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஆதார நகல்களை இணையுங்கள். அவர்கள் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். பீரோ வழியாக மறுப்பு போன பிறகும் தகவல் கொடுத்தவர் (கல்லூரியோ ஏஜென்சியோ) சரியாக விசாரிக்காவிட்டால்தான் அவர் மீது நீங்கள் வழக்குத் தொடர முடியும். நேரடிக் கடிதம் மட்டும் அந்த உரிமையைத் தராது. வீட்டுக் கடன் தரும் வங்கிக்கும் மறுப்பின் நகலைக் கொடுத்துவிடுங்கள், கோப்பை மூடாமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்தப் போன் அழைப்புகள். அப்பாவின் வேதனை எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் இப்படி ஒரு போன் வந்தால் அது பணப் பிரச்சினையாக நிற்பதில்லை, மானப் பிரச்சினை ஆகிவிடும். கலெக்‌ஷன் ஏஜென்சிகளுக்கும் அது தெரியும். முதலில் சொன்ன 1977 சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. உங்கள் முகவரியோ தொலைபேசி எண்ணோ வேலை செய்யும் இடமோ தெரியாவிட்டால் மூன்றாம் நபரிடம் அதை மட்டும் விசாரிக்கலாம். நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவே கூடாது. வயதுக்கு வந்த மகளின் கடனை அப்பாவிடம் சொல்வதும் தப்பு, மேனேஜரிடம் சொல்வதும் தப்பு. கடன் உண்மையா பொய்யா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மைக் கடனாக இருந்தாலும் இது மீறல்தான். நிஜ நஷ்டத்தோடு 1,000 டாலர் வரை சட்டப்படியான ஈடும் வழக்கறிஞர் கட்டணமும் கேட்கலாம். மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அப்பாவை உட்கார வைத்து, எந்த நாள், எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அவர் கைப்பட எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும், மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மேனேஜரிடமிருந்தும் இரண்டு வரி வாங்கிவிடுங்கள்.

அப்பா பொறுப்பாளியா? அவர் கடன் பத்திரத்தில் இணைக் கையெழுத்துப் போடவில்லை என்றால் இல்லை. இந்தக் கடனுக்குப் பெற்றோரின் வருமான விவரத்தைக் கேட்பது, மாணவரின் குடும்பத்துக்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்று கணக்கிடத்தான். மற்ற மத்திய அரசுக் கடன்களில் "சுயசார்பு மாணவர்" என்றால் பெற்றோர் விவரம் வேண்டாம். இங்கே அப்படியில்லாமல் பெரும்பாலோரிடம் கேட்பதால்தான் பல தமிழ் அப்பாக்கள் "கையெழுத்துப் போட்டேனே, மாட்டிக்கொண்டேனோ" என்று பயப்படுகிறார்கள். வரிக்கணக்கைக் கொடுத்தது தகவல் கொடுத்தது மட்டும்தான், கடனுக்குப் பொறுப்பு ஏற்றது ஆகாது.

அந்த வரிக்கணக்கு எங்கே என்பது நல்ல கேள்வி. நீங்கள் 2008-ல் படிப்பை முடித்தீர்கள் என்றால், கல்லூரி அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காலம் 2013-லேயே முடிந்துவிட்டது. ஆனால் அது குறைந்தபட்சக் காலம்தான், அழித்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஃபெர்பாவின் கீழ் உங்கள் ஃபைலை நீங்கள் பார்க்கலாம், ஆனால் அதில் உள்ள உங்கள் பெற்றோரின் நிதி விவரத்தை உங்களுக்குக் காட்டக் கல்லூரி கடமைப்பட்டதில்லை. மகளிடமிருந்துகூட அப்பாவின் கணக்கைச் சட்டம் மறைத்து வைக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை அப்பாவே தன் பெயரில் எழுதுவது நல்லது. "என் சமூகப் பாதுகாப்பு எண் அடங்கிய தாள்கள் உங்களிடம் இருக்கின்றனவா, இருந்தால் அழித்துவிட்டு உறுதிப்படுத்துங்கள், கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு அவற்றில் எதையாவது கொடுத்தீர்களா" என்று மூன்றே கேள்வி. கடன் தரும் கல்லூரிகள் நிதி நிறுவனங்களுக்கான தகவல் பாதுகாப்பு விதிக்குள் வருகின்றன. 2023 ஜூன் முதல் அமலில் உள்ள திருத்தப்படி, வாடிக்கையாளர் விவரத்தைக் கடைசியாகப் பயன்படுத்தி இரண்டு ஆண்டுக்குள் அழிக்க வேண்டும். தொழில் தேவைக்கோ சட்டத் தேவைக்கோ வைத்திருக்க வேண்டியவை மட்டும் விலக்கு. அப்பாவின் விவரம் உங்கள் கடன் விண்ணப்பத்தின் ஒரு பகுதி என்பதால் அதற்கும் இந்த விதி பொருந்தும் என்று நான் வாதாடுவேன். அப்பாவின் போன் எண்ணை ஏஜென்சி எங்கிருந்து எடுத்தது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

உறவினர் சொன்னது ஹீல் என்ற வேறொரு திட்டத்தைப் பற்றி. அதில் தனியார் கடன் கொடுப்பார்கள், மத்திய அரசு காப்பீடு செய்யும். புதுக் கடன் 1998-ல் நின்றுவிட்டது. 2014-ல் அந்தத் திட்டம் சுகாதாரத் துறையிலிருந்து கல்வித் துறைக்குப் போனது. கட்டாதவர் பெயரைப் பட்டியலிட்டு வெளியிட அந்தத் திட்டத்தின் சட்டத்திலேயே இடம் இருந்தது. உங்கள் கடன் ஹீல் அல்ல. மருத்துவக் கல்விக் கடனைக் கட்டத் தவறியவரை மெடிகேரிலிருந்து விலக்கும் பிரிவு இன்றும் உண்டு. அது நிலுவை வைத்திருப்பவருக்கானது, கட்டி முடித்தவருக்கு அல்ல. ஆனால் தப்பான பதிவு அப்படியே நின்றால் நாளைக்கு யாராவது அதைப் பார்த்து வேறு முடிவுக்கு வரலாம். அதனால்தான் இதை இப்போதே திருத்த வேண்டும் என்கிறேன்.

ஒரு காரியம் மிச்சம். வசூலிக்க முடியாத கடனைத் தள்ளுபடி செய்யக் கல்லூரி ஹெச்.ஆர்.எஸ்.ஏ.-விடம் கேட்கும்போது, கடன் வாங்கியவர் விவரமும் மேலே போகும். அப்படி உங்கள் பெயரில் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று கேட்க 1974-ன் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது. அது மத்திய அரசு அலுவலகங்களின் பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும், கல்லூரிக்குப் பொருந்தாது. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும்தான் இதைக் கேட்க முடியும், எச்-1பி விசாவில் இருப்பவர் கேட்க முடியாது. உங்களுக்குத் தடையில்லை. தப்பான பதிவு இருந்தால் திருத்தக் கேளுங்கள், 10 வேலை நாளுக்குள் கோரிக்கை கிடைத்ததாகப் பதில் வர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதிலும் தோற்றால் உங்கள் மறுப்புரையை அந்தப் பதிவோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம்.

ஏஜென்சிக்கான மறுப்புக் கடிதம் இன்று, பீரோக்களுக்கு நாளை, கல்லூரிக்கு இந்த வாரம். ஹெச்.ஆர்.எஸ்.ஏ. கடிதம் அடுத்த வாரம் போனால் போதும். ஏஜென்சி அனுப்பிய கடிதத்தின் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் தபால் முத்திரையில் இருக்கும் தேதி நமக்கு வேண்டும்.