ஆறிப்போன தோசை

கேள்வி: எனக்கு வயது 46. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர். 'தி ஃபேமிலி மேன்' தொடரில் வரும் உளவு அதிகாரி ஸ்ரீகாந்த் திவாரியைப் பார்த்தால் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அவர் மனைவியைப் போலவே என் மனைவிக்கும் வேலையின் சுமை புரியவில்லை. பதினோராம் வகுப்பு படிக்கும் மகளோ என்னிடம் எதையும் சொல்வதில்லை. இரவு வந்ததும் காரை நிறுத்திவிட்டு, அதிலேயே உட்கார்ந்து போனில் ஒரு எபிசோடு பார்த்த பிறகுதான் மாடியேறுவேன். அந்த நேரம்தான் எனக்கு நிம்மதி. மேலே போனால் தட்டில் தோசை ஆறிக் கிடக்கும். சூடாகச் சுட்டுத் தரக்கூட அவளுக்கு மனமில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. வேலை மாறும், ஊர் மாறும், 'அவளுக்குப் புரியவில்லை' என்ற வரி மட்டும் மாறாது. ஆறுதல் எதிர்பார்த்து எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் அது இல்லை. ஆறிப்போன அந்தத் தோசையைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

தோசை ஏன் ஆறுகிறது? நீங்கள் வரும் நேரம் தெரியாதவர் கல்லில் மாவை ஊற்ற மாட்டார். இத்தனை வருடம் உடன் வாழ்ந்தவருக்கு உங்கள் காரின் சத்தம் தூக்கத்தில்கூடத் தெரியும். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் கல்லை அடுப்பில் ஏற்றுகிறார். எண்ணெய் தடவி, மாவை ஊற்றி, ஓரம் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைக்கிறார். நீங்கள் வரவில்லை. அடுப்பை அணைக்கிறார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், போன் வெளிச்சத்தில் உங்கள் முகம் தெரிந்திருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து ஏறி வந்து, மனமில்லாதவள் என்று அவர்மீதே குற்றம் சொல்கிறீர்கள். உங்கள் மனைவி ஒவ்வொரு நாளும் சூடாகத்தான் சுடுகிறார் ஐயா.

இதில் ஸ்ரீகாந்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். மனோஜ் பாஜ்பாய் நடித்த அந்த மனிதர் வேலை பார்க்கும் 'டாஸ்க்' என்ற பிரிவு கற்பனை. ஆனால் அது எந்த அமைப்பின் கிளையாகக் காட்டப்படுகிறதோ, அந்தத் தேசியப் புலனாய்வு முகமை நிஜம். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு உருவானது. அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர் வீட்டில் வாய் திறக்காததற்கு நியாயம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியங்கள் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு சொல் வெளியே கசிந்தால் எங்கோ ஓர் உயிர் போகலாம். இந்த மாத இலக்கை எட்ட முடியாத கவலையை மனைவியிடம் சொல்லக் கூடாது என்று உங்களைத் தடுத்த சட்டம் எது?

அந்தத் தொடரையாவது கவனமாகப் பார்த்தீர்களா? 2021-இல் வந்த இரண்டாம் சீசனில் ஸ்ரீகாந்த் அந்த வேலையை விட்டுவிட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறார். ஆபத்து இல்லை, ரகசியம் இல்லை. வீடு சரியாகிவிட்டதா? உடம்பு ஓரிடம், மனம் ஓரிடம். பழைய கூட்டாளி தல்படேக்குப் போன் போட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே இருந்த கணவர் சுசித்ராவுக்குக் கிடைக்கவில்லை. வேலைச்சுமைதான் காரணம் என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிட்டது.

நாட்டுக்கு எதிராக யார் சதி செய்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கிறவருக்கு, சொந்த மகள் த்ருதி யாருடன் பழகுகிறாள் என்று தெரியவில்லை. கல்யாண் என்ற பொய்ப்பெயரில் நெருங்கியவன் அவளைச் சிறைபிடிக்கும்வரை போகிறது கதை. இதைப் பார்த்த பிறகும், 'மகள் எதையும் சொல்வதில்லை' என்று ஒரே வரியில் கடந்து போகிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பதினாறு வயதுப் பெண் வீட்டில் வாய் திறப்பது சாப்பாட்டு நேரத்தில்தான். அதுவும் நேராகச் சொல்ல மாட்டாள். சட்னியைப் பற்றி ஆரம்பித்து எங்கோ போய் முடிப்பாள். அந்த நேரத்தில் நீங்கள் காரில் இருக்கிறீர்கள். நீங்கள் ஏறி வரும்போது அவள் தன் அறைக் கதவைச் சாத்தியிருப்பாள்.

சம்பாதித்துப் போடுவது கடமையில் பாதிகூட ஆகாது என்று நம்புகிறவள் நான். குடும்பத் தலைவர் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். கவலையோடு வாருங்கள், எரிச்சலோடுகூட வாருங்கள். ஓய்வு உங்களுக்குத் தேவைதான். 'அரை மணி நேரம் என்னைத் தனியாக விடு' என்று வாய்விட்டுக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிந்து எடுத்தால் அது களவு. நாள் முழுவதும் ஓடியாடும் உங்கள் மனைவி ஒளிந்து உட்கார எந்தக் கார் இருக்கிறது?

இன்று இரவு வண்டியை நிறுத்தியதும் இறங்கி நேராக மேலே போங்கள். தோசை கல்லில் இருக்கும்போதே சமையலறை வாசலில் போய் நில்லுங்கள். இத்தனை நாள் கீழே உட்கார்ந்திருந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். 'தெரியும்' என்பார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மகளைக் கூப்பிடுங்கள், மூன்று தட்டையும் நீங்களே எடுத்து வையுங்கள்.