இடுப்பில் அடிபட்டவரை ‘வேலைக்கு வராதவர்’ என்று நீக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. மணலியில் ஒரு தனியார் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் 14 வருஷமாக ஃபிட்டர். 2025 மார்ச்சில் இரவு ஷிப்டில் இரும்பு பிளேட் தூக்கும்போது இடுப்பில் அடிபட்டு டிஸ்க் விலகிவிட்டது. “வீட்டில் விழுந்தேன் என்று சொல்லு, கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்றார் சூப்பர்வைசர். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் அப்படியே சொல்லிவிட்டார். மூன்று மாதம் ஈ.எஸ்.ஐ. பணம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சிக் சர்டிபிகேட்டுகளை எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் ஜூலையில் ‘அனுமதியின்றி வராததால் பெயர் நீக்கப்பட்டது’ என்று கடிதம் வந்தது. ஆகஸ்டில் லைட் வேலை செய்யலாம் என்ற சர்டிபிகேட்டோடு போனார், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ராஜினாமா எழுதிக்கொடுத்தால் செட்டில்மென்ட்டாக ஒரு லட்சம் தருகிறார்களாம். வாங்கலாமா? கேஸ் போட்டால் நிற்குமா? இடையில் ஆட்டோ ஓட்டினால் கேஸ் கெடுமா?
– வாசகி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர்

பதில்: முதலில் அந்த ஒரு லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், அம்மா. நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 13,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 7,500. பதினான்கு வருஷத்துக்கு 1,05,000. இது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, மட்டும். அடிதடி, திருட்டு போன்ற காரணத்துக்காக நீக்கப்பட்டால் ஒழிய, ஐந்து வருஷம் முடித்தவர் எப்படி வெளியே போனாலும் கம்பெனி இதைக் கொடுத்தே ஆகவேண்டும். அதிலேயே ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு, கூடவே அவருடைய வேலையையும் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். தேதி போடாத வெற்றுத் தாளிலும் வேண்டாம்.

உடம்பு முடியாதவரை வேலையை விட்டு எடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆள் இனி அந்த வேலைக்கு ஆகமாட்டார் என்ற அளவுக்கு நோய் நீடித்தால் எடுக்கலாம். உங்கள் கணவரை நீக்கியபோது நடப்பிலிருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947, அப்படி எடுப்பதை ஆட்குறைப்பாகவே எண்ணவில்லை. அதனால் ஆட்குறைப்புக்கான நஷ்டஈடும் அதில் வராது. ஆனால் அதைச் செய்ய மருத்துவ ஆதாரம் வேண்டும், தொழிலாளியின் பதிலைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் மெனக்கெட யாருக்கும் மனசில்லை. எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை என்னிடம் வரும் கடிதங்களில் ‘நோயால் நீக்கப்பட்டார்’ என்ற வரியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஒன்று ‘வேலைக்கு வரவில்லை’ என்று இருக்கும், இல்லாவிட்டால் ராஜினாமா. உங்கள் கணவரிடம் முதல் வழி சரிவராது என்று தெரிந்துதான் இரண்டாவதுக்கு வந்திருக்கிறார்கள்.

முதல் வழி ஏன் சரிவராது? இத்தனை நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று கம்பெனியின் நிலையாணையில், அதாவது வேலை விதிகளில், எழுதியிருந்தாலும், விசாரணை வைத்து விளக்கம் கேட்காமல் பெயரை அடிக்கக்கூடாது என்று டி.கே.யாதவ் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே விசாரணையே இல்லை. வராததற்குக் காரணம் எச்.ஆரின் போனிலேயே இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்திகளைத் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், போனையும் மாற்றாதீர்கள்.

இதைவிடப் பெரிய பிடி, அவரை நீக்கியபோது நடப்பிலிருந்த ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் 73ஆம் பிரிவு. நோய்க்காலப் பணமோ, தற்காலிக ஊனப் பணமோ வாங்கும் காலத்திலும், நோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் காலத்திலும் ஒருவரை நீக்கக்கூடாது. நீக்கி நோட்டீஸ் கொடுத்தால் அது செல்லாது. மீறுவது குற்றமும்கூட. பணம் 91 நாளோடு நின்றுபோனதால் பாதுகாப்பும் போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை தொடர்ந்தால் பாதுகாப்பும் தொடரும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஈ.எஸ்.ஐ. பொது விதிமுறைகளின் 98ஆம் விதிப்படி, வேலை நிபந்தனைகள் இடம் கொடுத்தால், தொடர்ந்து ஆறு மாதம் சிகிச்சையில் இருந்தவரை முறையான நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அது 18 மாதம். உங்கள் கணவரை எடுத்தது ஆறு மாதம் ஆவதற்கு முன்பே. அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஜூன், ஜூலை சர்டிபிகேட்டுகள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வாங்கியவையா, தெருமுனை கிளினிக்கில் வாங்கியவையா? முன்னது என்றால் கவலை இல்லை. பின்னது என்றால் 73ஆம் பிரிவில் எதிர்த்தரப்பு மல்லுக்கட்டும்.

அடுத்து அந்த ‘வீட்டில் விழுந்த’ கதை. அதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். நோய் என்றால் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள். வேலையிடத்துக் காயம் என்றால் சுமார் 90 சதவீதம், குணமாகும் வரை. பிறகு நிரந்தரக் குறை இருந்தால் மெடிக்கல் போர்டு பார்த்து மாதாமாதம் பணம். கம்பெனிக்கு விபத்து அறிக்கை அனுப்பும் தலைவலி மிச்சமானது, உங்களுக்கு இத்தனையும் போனது. இப்போதாவது நடந்ததை நடந்தபடி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு எழுதிக்கொடுங்கள். முன்பு மாற்றிச் சொன்னதையும், சொல்லச் சொன்னது யார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அன்றிரவு கூட இருந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல முன்வந்தால் நல்லது. அந்த ராத்திரியே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ ஓடியிருந்தால் அந்த ஓ.பி. சீட்டைத் தேடுங்கள். ‘வெயிட் தூக்கும்போது’ என்று டாக்டர் ஒரு வரி கிறுக்கியிருந்தால் அது நூறு சாட்சிக்குச் சமம். ஈ.எஸ்.ஐ. மறுத்தால் அதற்கென ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது.

வேலைக்காக இந்த வாரமே கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போகட்டும்: ‘ராஜினாமா செய்யவில்லை, லைட் வேலைக்குத் தயார், கேட்டில் தடுக்கப்பட்டேன்.’ சர்டிபிகேட் நகலும் உள்ளே இருக்கட்டும். பிறகு லேபர் ஆபீசில் சமரச மனு. 45 நாளில் முடியாவிட்டால் நேராக வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் அதற்கு மூன்று வருஷம் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் சமரசத்துக்கே இரண்டுதான். அவரை நீக்கியது அதற்கு முன்பு என்றாலும், எது பொருந்தும் என்ற வாதமே எழாதபடி இரண்டு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் யாராவது ‘துறைமுகத்தில் என் மச்சானுக்கு உட்கார்ந்த வேலை கொடுத்தார்களே’ என்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 20ஆம் பிரிவின்படி, பணியில் ஊனமானவருக்கு அதே சம்பளத்தில் மாற்று வேலை தரவேண்டும் என்பது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கம்பெனியை அதை வைத்து மடக்க முடியாது.

ஆட்டோ ஓட்டலாமா? வேலை போன வழக்கு அதனால் விழாது. வருமானத்தை மறைத்தால்தான், வெளியே இருந்த காலத்துக்கான பின்சம்பளம் கேட்கும்போது சிக்கல். ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனப் பணம் கேட்கும் நாட்களில் வேறு வேலை செய்தால் அந்த நாட்களுக்குப் பணம் கிடையாது. எந்தத் தேதிவரை அந்தப் பணம் கேட்கப்போகிறோம் என்று எழுதிவைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஓட்டட்டும். அதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் நாள் முழுக்க ஆட்டோ குலுங்கினால் டிஸ்க் தாங்குமா என்று.