பேக்ஸ்லாஷ் படுத்தும் பாடு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பைத்தானில் 'சி:\யூசர்ஸ்' என்று தொடங்கும் பாத் (ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி) கொடுத்தாலே யூனிகோட் எரர் வருகிறது. அதே கோட் டி டிரைவில் ஓடுகிறதே?

பதில்: டிரைவைக் குறை சொல்லாதீர்கள், சிக்கல் யூசர்ஸின் முதல் எழுத்தில். ஸ்டிரிங்குக்குள், அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகளில், பேக்ஸ்லாஷை (\) ஒட்டி பெரிய 'யூ' (U) வந்தால், அடுத்து எட்டு இலக்க யூனிகோட் எண் வரும் என்று பைத்தான் எதிர்பார்க்கும். வராததால் எரர். ஒரு வகையில் இது நல்ல எரர், ஓடும் முன்பே மாட்டிக்கொள்கிறது. ஃபோல்டர் பெயர் சின்ன 'என்' (n) எழுத்தில் தொடங்கினால் சத்தமே இல்லாமல் அது புது வரியாகிவிடும். சின்ன 'டி' (t) என்றால் டேப். ஃபைல் கண்ணெதிரே இருக்கும், புரோகிராமோ திறக்க முடியவில்லை என்று அடம்பிடிக்கும். பாத்தை பிரிண்ட் செய்து பாருங்கள். நடுவில் உடைந்து இரண்டு வரியாக வந்தால் இதுதான் காரணம். மேற்கோளுக்கு முன்னால் ஒரு 'ஆர்' (r) போட்டால் போதும், பேக்ஸ்லாஷை பைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 'ஆர்' போட்டேன். ஆனால் பாத் பேக்ஸ்லாஷில் முடிந்தால் மறுபடி எரர்.

பதில்: 'ஆர்' போட்டாலும் கடைசி பேக்ஸ்லாஷ் மூடும் மேற்கோளை விழுங்கிவிடும். அந்தக் கடைசி ஒன்றை எடுத்துவிட்டு, ஃபைல் பெயரை பாத்லிப் (pathlib) என்ற லைப்ரரி வைத்துச் சேருங்கள். 3.4 பதிப்பிலிருந்து பைத்தானோடு கூடவே வருகிறது. பாத்தைக் கையால் ஒட்டுப்போடும் பழக்கத்தை விட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

கேள்வி: விண்டோஸில் மட்டும் ஏன் இந்தக் குறி? சாதாரண ஸ்லாஷ் (/) போட்டால் ஏற்குமா?

பதில்: விண்டோஸுக்கு முன்னோடி எம்எஸ்-டாஸ். 1981-இல் வந்த அதன் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. கமாண்டுகளின் ஆப்ஷனுக்கு ஸ்லாஷைக் கொடுத்துவிட்டார்கள். 1983-இல் 2.0 பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது யூனிக்ஸ் போல ஸ்லாஷ் வைக்க இடமில்லை, சாய்வை மாற்றிப் போட்டார்கள். கோடிலிருந்து ஃபைல் திறக்க இன்றைக்கும் சாதாரண ஸ்லாஷை விண்டோஸ் ஏற்கும்; நான் அதைத்தான் எழுதுவேன். கமாண்ட் பிராம்ப்டில் மட்டும் ஆப்ஷன் என்று நினைத்துச் சில கமாண்டுகள் முறைக்கும்.

கேள்வி: ஜேசான் (JSON, டேட்டாவை எழுதிவைக்கும் வடிவம்) ஃபைலில் ஆபீஸ் நெட்வொர்க் பாத் எப்படி எழுதுவது?

பதில்: ஜேசானில் 'ஆர்' வசதி கிடையாது, ஒவ்வொன்றையும் இரட்டிக்க வேண்டும். \\சர்வர்\கணக்கு என்பது \\\\சர்வர்\\கணக்கு ஆகும். ஆமாம், தொடக்கத்தில் நான்கு.

கேள்வி: என் விண்டோஸ் கோடை லினக்ஸ் சர்வரில் ஓட்டினேன். 'படங்கள்' ஃபோல்டருக்குள் போகாமல் 'படங்கள்\லோகோ' என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் உருவாகியிருக்கிறது!

பதில்: லினக்ஸுக்கு பேக்ஸ்லாஷ் என்பது ஃபைல் பெயரில் வரக்கூடிய இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். அதனால் எரரும் வராது. கோடில் பாத்தின் பகுதிகளைத் தனித்தனியாகக் கொடுத்து பாத்லிப் வைத்துச் சேருங்கள். அந்த ஃபைலை டெர்மினலில் அழிக்கும்போது பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் (டெர்மினலில் கமாண்டைப் படிக்கும் புரோகிராம்) பேக்ஸ்லாஷைத் தின்றுவிட்டு அப்படி ஃபைலே இல்லை என்று சொல்லும்.