பிக்கப் வண்டி லோடு பாடிக்கு ரப்பர் மேட்டா, செக்கர் பிளேட்டா, ஸ்பிரே கோட்டிங்கா?

புது பிக்கப் எடுத்திருக்கிறீர்கள், உர மூட்டை, தேங்காய், எப்போதாவது ஹாலோ பிளாக் என்று கலந்த லோடு, அடித்தகடு கெடாமல் இருக்க எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பொள்ளாச்சிப் பக்கம் இதே லோடுதான் 9 வருடமாக ஏற்றுகிறேன், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ரப்பர் மேட் போதும். ஆனால் அதை ஒட்டாதீர்கள், ஸ்க்ரூ போட்டு இறுக்காதீர்கள். வேண்டும்போது தூக்கிக் கீழே பார்க்க முடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

என் முதல் வண்டிக்கு 3 மி.மீ. இரும்பு செக்கர் பிளேட் (மேலே புடைப்புக் கோடுகள் உள்ள தகடு) அடித்தேன். பட்டறையில் அடித்தகட்டையும் சேர்த்துத் துளை போட்டு வரிசையாக ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, ஐப்பசி மழை முடிந்த சமயம், எஃப்சி (தகுதிச் சான்று) வேலைக்கு விட்டபோது வெல்டர் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், அடித்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. மேலே இருந்து பார்த்தால் பிளேட் புதுசு போலவே இருக்கிறது. பிளேட்டைக் கழற்றினால், அடித்தகட்டின் நெளிவுப் பள்ளங்களில் செம்மண் நிறத்தில் ஒரு சேறு, கையில் எடுத்தால் ஈரம் இன்னும் காயவில்லை. மூட்டையிலிருந்து சிந்திய பொட்டாஷ் உரம் அது. பொட்டாஷ் உப்பு வகை, மழையே பெய்யாவிட்டாலும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்புக்கு அதைவிட எமன் கிடையாது. அன்று அந்த அண்ணன் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: “தம்பி, மேல என்ன வேணா போடு, கீழ தண்ணி நிக்காம பாத்துக்க.”

செக்கர் பிளேட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜல்லி, செங்கல் என்று தினமும் கொட்டுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது, ரப்பர் கிழிந்துவிடும். ஆனால் எடையைக் கணக்குப் போடுங்கள். பாடி 8 அடிக்கு 5.5 அடி என்று வைத்தால் 3 மி.மீ. இரும்பு மட்டுமே கிட்டத்தட்ட 100 கிலோ வரும், அதாவது ஒவ்வொரு நடைக்கும் இரண்டு மூட்டை சிமென்ட்டைச் சும்மா சுமக்கிறீர்கள். அலுமினியத்தில் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அலுமினியமும் இரும்பும் உரசிக்கொண்டு நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். உர லோடுக்கும் மீன் லோடுக்கும் அது ஒத்துவராது. போட்டே ஆக வேண்டும் என்றால் நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் விரித்துப் போடுங்கள்.

ஸ்பிரே கோட்டிங், அதாவது தகட்டின் மேல் பீய்ச்சி அடிக்கும் கெட்டியான பூச்சு, நல்ல பொருள், சந்தேகமில்லை. தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் அடியில் தண்ணீர் போக இடமே இல்லை. ஆனால் பாதி வேலை அடிப்பதற்கு முன்பே இருக்கிறது. பழைய பெயின்ட்டின் பளபளப்பு முழுக்கப் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். அவசரத்தில் அடித்தால் ஒரு ஓரத்தில் தோல் உரியும், உரிந்த இடத்தில் ஈரம் நுழைந்தால் உள்ளே எவ்வளவு தூரம் துரு ஓடியிருக்கிறது என்று வெளியே தெரியாது. அடிக்கும் ஆள் எப்படித் தேய்க்கிறார் என்று அரை மணி நேரம் கூடவே நின்று பாருங்கள், விலையை அப்புறம் பேசலாம். நீங்களே அடிப்பதாக இருந்தால் சாதாரண மாஸ்க் போதாது, அந்தப் புகை நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல்.

சரி, மேட். 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. கனம், அடிப்பக்கம் வரிவரியாக மேடு இருப்பதாக வாங்குங்கள், தண்ணீர் ஓடிவிடும். ஒரே துண்டாக வேண்டாம், இரண்டாக வெட்டிப் போட்டால் ஒரே ஆளே சுருட்டி இறக்கலாம். உர மூட்டை வழுக்காமல் அப்படியே நிற்கும், வளைவில் சரியாது. லோடு இறக்குகிறவர்கள் மட்டும் மூட்டை இழுக்க வரவில்லை என்று முகம் சுளிப்பார்கள், அதற்குப் பின் டோர் ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு மேட் இல்லாமல் விட்டுவிடுங்கள். பழைய கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கும், நானும் போட்டுப் பார்த்தேன், வெட்டிய ஓரத்தில் உள்ளிருக்கும் துணி தண்ணீர் குடித்து நாறிவிட்டது.

புல் வெட்டும் மெஷினுக்குக் கேனில் பெட்ரோல் வாங்குவீர்கள் என்றால், கேனை மேட் மேல் வைத்துப் பெட்ரோல் பிடிக்கவே கூடாது. ரப்பரோ பிளாஸ்டிக்கோ அடியில் இருந்தால் நிலை மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனிலேயே சேரும், ஒரு பொறி போதும். அமெரிக்காவில் பாடிக்குள் பிளாஸ்டிக் லைனர் (உள்உறை) போட்ட பிக்கப்களில் இப்படித் தீப்பிடித்திருக்கிறது. கேனைத் தரையில் இறக்கி வைத்தே பிடியுங்கள்.

புது வண்டி என்கிறீர்கள், அதனால் மேட் விரிப்பதற்கு முன் பாடியில் தண்ணீர் வடியும் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். உர லோடு இறக்கிய அன்றைக்கே மேட்டை எடுத்துவிட்டு, பின் டோரைத் திறந்து வைத்துக் கழுவி, முன்பக்கம் கொஞ்சம் மேடாக நிறுத்திக் காய விடுங்கள். நான் இப்போது ஓட்டும் வண்டிக்கு ஆறு வருடம் ஆகிறது, நெளிவுப் பள்ளத்தில் கம்பெனி பெயின்ட் இன்னும் அப்படியே இருக்கிறது.