பெயிண்ட் அடிச்சா பாலம் நிக்குமா?

கேள்வி: சேலத்துலயும் ஏற்காடு மலைப்பாதையிலயும் இருக்கற பழைய பாலங்களுக்கு புதுசா தார் போட்டு பெயிண்ட் அடிக்கறாங்களே, இன்னைக்கு இருக்கற டிராஃபிக்கை தாங்குமா? – ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பெயிண்ட்ங்கற வார்த்தைய கேட்டாலே எனக்கு கோபம் வருது சார். கைப்பிடிச் சுவருக்கு கருப்பு மஞ்சள் அடிச்சுட்டு போயிடறாங்க, கீழ இறங்கி ஒருத்தரும் பாக்கறதில்ல. தார் அதைவிட மோசம். பழசை சுரண்டி எடுக்காம மேல மேல போட்டா என்ன ஆகும், கணக்கு போட்டு பாருங்க, 30 மீட்டர் நீளம் 7 மீட்டர் அகலம் உள்ள பாலத்துல 5 சென்டிமீட்டர் தார் போட்டா கிட்டத்தட்ட 24 டன், அதாவது லோடு ஏத்துன ஒரு பத்து வீல் லாரி ராத்திரி பகலா அங்கயே நிக்கற மாதிரி. மூணு தடவை போட்டா மூணு லாரி. தண்ணி போற ஓட்டை அடைஞ்சுடும், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துடும். முன்னாடி இதை எழுதுனப்ப "தார் கனமா இருந்தா பலம்தானே"ன்னு ரெண்டு பேர் போன்ல சண்டைக்கே வந்தாங்க, இன்னைக்கும் சொல்றேன், பலம் இல்ல, பாரம்.

2022 அக்டோபர்ல குஜராத் மோர்பில தொங்கு பாலம் அறுந்து 135 பேர் செத்தாங்க. ரிப்பேர் பார்த்து திறந்து ஒரு வாரம் கூட ஆகல. தரையை புதுசா மாத்துனவங்க துருப்புடிச்ச பழைய கேபிளை அப்படியே விட்டுட்டாங்க. திருச்சி காவிரி பாலம் 1976-ல திறந்தது, அங்க சில மாசம் வண்டிய நிறுத்தி, தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல பாரம் தாங்கற பேரிங்கையும், வெயில்ல தளம் விரியறதுக்கு இடைவெளி விடற எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டையும் மாத்துனாங்க. ஜனங்க சுத்திப் போய் திட்டுனாங்கதான், ஆனா வேலைன்னா அதுதான் வேலை.

அப்புறம் இந்த அரச மரம். காக்கா எச்சத்துல விழுந்த விதை கல்லு இடுக்குல முளைச்சு, வேர் சுண்ணாம்புக் காரையை தின்னு கல்லையே நெம்பிடும். விரல் தண்டி இருக்கறப்ப புடுங்கிடலாம், ஆனா யாரும் கை வைக்க மாட்டாங்க, அரச மரத்தை வெட்டுனா பாவமாம். நாலு வருஷம் விட்டா அது மரமாகி யாராவது மஞ்சத் துணி கட்டிடுவாங்க, அப்புறம் ஒரு விளக்கு, ஒரு உண்டியல், ஒரு கமிட்டி, கமிட்டிக்குள்ள ரெண்டு கோஷ்டி, அதுக்கப்புறம் எந்த இன்ஜினியர் வந்தும் தொட முடியாது. செடியா இருக்கறப்பவே வேரோட எடுத்து ஏதாவது ஏரிக்கரையில நடுங்க, புண்ணியமும் உண்டு, நிழலும் உண்டு.

சேலத்துக்குள்ள ஓடற திருமணிமுத்தாத்து மேல நீங்க தினமும் தாண்டற பாலம் ஏதாவது இருந்தா நாளைக்கு வண்டிய ஓரமா நிறுத்தி கீழ எட்டிப் பாருங்க. நாத்தம் அடிக்கும், மூக்கை பொத்திக்கிட்டு பாருங்க. காரை பேந்து கம்பி துருவோட வெளிய தெரியுதா, அரசஞ்செடி எத்தனை, போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த இதழ்ல முழுப் பக்கத்துக்கு போடறேன்.