பதில்: விமானி மட்டும்தான் குற்றவாளியா?
தம்பி, மட்டக்களப்பு விவாதப் போட்டியில் 'தன் ஆட்களையே சுட்ட விமானிதான் முழுக் குற்றவாளி' என்பதை மறுத்துப் பேச வழி கேட்டிருந்தீர்கள். 1994 ஏப்ரல் 14ஐ எடுங்கள். வட ஈராக்கில் அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு, தங்கள் நாட்டு பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்கள் இரண்டையே சுட்டு வீழ்த்தின, 26 பேர் இறந்தார்கள். விமானம் பறக்கத் தடையிருந்த அந்த வலயத்துக்குள், 'நாங்கள் உங்கள் ஆட்கள்தான்' என்று காட்ட வேறு மின்னணு அடையாளக் குறியீடு போட வேண்டும் என்பதே ஹெலிகொப்டர்காரருக்குத் தெரியாது, கண்காணிப்பு விமானத்தில் இருந்தவர்கள் அவை பறப்பதை அறிந்தும் எச்சரிக்கவில்லை, சுட்டவர்களோ ஈராக்கின் ஹைண்ட் ரகப் போர் ஹெலிகொப்டர்கள் என்று நினைத்து ஏவுகணையை விட்டார்கள். கடைசியில் இராணுவ நீதிமன்றத்தில் நின்றது கண்காணிப்பு விமான அதிகாரி ஒருவர் மட்டும், அவரும் விடுதலை.

எதிர்த்தரப்பு 2002இல் ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் நடந்ததைக் கொண்டுவரும். நேச நாட்டுக் கனடிய வீரர்கள் நான்கு பேர் இறந்ததற்கு, தவறுதலாகக் குண்டு போட்ட அமெரிக்க விமானிக்குக் கண்டனமும் 5,672 டொலர் அபராதமும்தான் (அந்தத் தொகையை வாசிக்கவே வயிறு எரிகிறது). சரி, விமானிக்கும் பொறுப்புண்டு என்று முதலே ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் 1994இல் ஹெலிகொப்டர்காரருக்கு அந்தக் குறியீட்டைச் சொல்லாமல் விட்டவர் எங்கே என்று கேளுங்கள்.